தலையிடி இல்லாத நாளில் பிரஷர் குளிசை எதற்கு?

கேள்வி: 03.02.2024
அம்மாவுக்கு 58 வயது. முல்லைத்தீவில் கடற்கரையோடு வீடு. கார்த்திகையில் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் பிரஷர் 164/98 என்று சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தும் குறையவில்லை. கிளினிக்கில் பதிந்து குளிசை கொடுத்திருக்கிறார்கள். அவர் தலை சுற்றுகிற நாளில் மட்டும் போடுகிறார். மற்ற நாளில் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை பிள்ளை" என்கிறார். தொடங்கினால் சாகும்வரை விடமுடியாது, சாப்பாட்டாலேயே பிரஷரைக் குறைக்கலாம் என்று பக்கத்து வீட்டு மாமியும் சொல்லிவிட்டார். நான் வவுனியாவில் வேலை, மாதத்தில் இரண்டு தரம்தான் வீட்டுக்குப் போகிறேன். சாப்பாட்டை மாற்றினால் குளிசை இல்லாமல் சமாளிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிளிநொச்சி உருத்திரபுரத்திலிருந்து, 03.02.2024 இரவு
தங்கச்சி, குளிசையை நிறுத்த விடாதீர்கள். நாளை விடியவே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைப்போம்.

04.02.2024
நேற்று அவசரத்தில் இரண்டு வரியோடு விட்டுவிட்டேன். ஏன் அந்த அவசரம் என்பதற்கு எங்கள் ஐயாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐயாவுக்குப் பிரஷர் இருப்பது 2009இல் முகாமில் இருந்தபோதுதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி, கொட்டில் போட்டு, காணி துப்புரவாக்கி, வயல் தொடங்கிய பிறகு ஆள் நல்ல சுகம். தலையிடி இல்லை, களைப்பு இல்லை. "வருத்தம் மாறிவிட்டது" என்று தானாகவே குளிசையை விட்டார். கிளினிக் கொப்பி கூரை வளையில் செருகினபடி கிடந்து கறையான் அரித்தது. நாங்களும் கேட்கவில்லை. 2015 மாசி மாதம், அறுவடை முடிந்த கிழமை, விடியத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க அவருக்கு வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மாசிப் பனி பிடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தேய்த்தோம். வெயில் ஏறினால் சரியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. மூளைக்குப் போகும் இரத்தம் கட்டியால் அடைபட்டிருந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டு, ஆனால் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருடம் கட்டிலும் கதிரையுமாக இருந்துதான் போனார்.

அவருக்குக் கடைசிவரை தலையிடி வரவில்லை. கேள்வியின் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

04.02.2024, பின்னேரம்
என்னுடைய கதையும் அப்படித்தான். 2019இல் பள்ளிக்கூடத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன். வயது 47. அந்தக் காலபோகத்தில் நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் போட்டவன். தாதி அளந்து பார்த்து, பத்து நிமிடம் இருத்திவைத்துத் திரும்ப அளந்தார். 158/96. "அண்ணை, இன்றைக்கு இரத்தம் எடுக்க மாட்டோம். நாளைக்குக் கிளினிக்குக்குப் போங்கோ." நான் கொடுக்கப் போன இரத்தத்தை விட அந்த ஒரு வரியால் எனக்குக் கிடைத்தது பெரிது.

06.02.2024
இனிக் கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டால் பிரஷரைக் குறைக்கலாமா? குறைக்கலாம், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறக்குறைய ஒன்று இறங்கும். ஒழுங்காக நடந்தால் ஐந்து, சிலருக்கு எட்டு. உப்பைக் குறைத்தால் இன்னும் நாலைந்து. எல்லாம் ஒன்றாகக் கூடினால் நல்ல பலன்தான், ஆனால் இவை ஒரு கிழமையில் வருவதில்லை, எல்லாருக்கும் ஒரே அளவாகவும் வருவதில்லை. 164இல் நிற்கிற அம்மா 140க்குக் கீழே வரவேண்டுமென்றால் இருபத்துநாலுக்கு மேல் இறங்க வேண்டும். அந்த மாதங்களில் குளிசையும் இல்லாமல் இருந்தால் இரத்தக் குழாயும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும்.

142/92 மாதிரி எல்லையில் நிற்கிற ஒருவருக்கு, சீனி வருத்தம் போன்ற வேறு ஒன்றும் இல்லாவிட்டால், "மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் பார், பிறகு யோசிப்போம்" என்று டொக்டரே சொல்வதுண்டு. அம்மா அந்த இடத்தில் இல்லை.

மாமி சொன்னதில் பாதி உண்மை. பெரும்பாலானவர்கள் தொடர்ந்து போடத்தான் வேண்டும். ஆனால் அது குளிசைக்குப் பழகிப்போவதால் இல்லை. வருத்தம் உள்ளே இருப்பதால் நிறுத்தினால் எண் திரும்ப ஏறுகிறது. நான் இரண்டு வகையில் தொடங்கினேன், இப்போது ஒன்று. குறைத்தது டொக்டர், நான் இல்லை. குறைத்ததற்குக் காரணம் என் கொப்பி. கொப்பியைப் பற்றிப் பிறகு.

07.02.2024
"குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். வவுனியாவிலிருந்து அனுராதபுரப் பக்கம் வரை, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் இருப்பதால் எங்கள் ஆட்களுக்கு இந்தப் பயம் அதிகம். பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் சிறுநீரகத்தைத் தின்பது கட்டுக்குள் இல்லாத பிரஷர். கிளினிக்கில் சொன்ன அளவில் போடுகிற குளிசை அதைக் காப்பாற்றத்தான். சந்தேகம் என்றால் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும், சலத்தில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்விக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு குளிசைக்கு. வயலில் முறிந்துவிட்டு வந்து நாரி நோவுக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்துக்கும் கூடாது. இரண்டு வருடம் நான் அதைப் போட்டுக்கொண்டே "ஏன் இறங்கவில்லை" என்று யோசித்தேன். கிளினிக்கில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோவுக்கு என்ன போடுகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

11.02.2024
அளப்பது பற்றி. இது நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருடைய எண் பிழையாக இருப்பது இந்த இடத்தில்தான்.

எனக்கு முதலில் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய மணிக்கட்டு மெசின். ஒரே காலையில் 128, 151, 139 என்று காட்டியது. நான் 128ஐ எழுதிக்கொண்டு நிம்மதியாகிவிடுவேன். பிறகுதான் மேல்கையில் பட்டி சுற்றுகிற மெசின் வாங்கினேன். அதையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று புள்ளிதான் வித்தியாசம், பரவாயில்லை என்றார்கள். பட்டி கைக்கு அளவாக இருக்க வேண்டும். மொத்தமான கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் எண் கூடிக் காட்டும்.

அளக்கிற முறை இதுதான். சலம் முட்டிக்கொண்டு இருந்தால் முதலில் போய்விட்டு வரவேண்டும். தேத்தண்ணீர், கோப்பி, சிகரெட் எல்லாம் அரை மணித்தியாலத்துக்கு முன்னமே நிறுத்த வேண்டும். முதுகு சாய்ந்தபடி, கால் இரண்டும் நிலத்தில் ஊன்றியபடி, ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும், தொங்கவிட்டால் கூடிக் காட்டும். சட்டைக்கு மேலே பட்டி சுற்றக்கூடாது. கதைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இதுதான் கஷ்டம், நான் பட்டியைச் சுற்றினவுடன்தான் மனைவிக்கு ஊர்ப் புதினமெல்லாம் நினைவுக்கு வரும்.

ஒரு நிமிடம் விட்டு இரண்டு தரம் அளக்க வேண்டும். விடியக் குளிசை போட முன்னமும், பின்னேரமும். ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுக்க வேண்டும். வீட்டில் அளக்கும்போது 135/85ஐத் தாண்டினால் கூடுதல் என்றுதான் கொள்ள வேண்டும். கிளினிக்கில் அந்த எல்லை 140/90.

முதல் தரம் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். கூடுதலாகக் காட்டுகிற கையிலேயே பிறகு எப்போதும் அளக்க வேண்டும்.

11.02.2024, இரவு
மெசின் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடன்பட்டு வாங்கத் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் அரச ஆஸ்பத்திரிகளோடும் சேர்ந்து நடக்கிற ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர், சீனி, உயரம், நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வருத்தம் இல்லாதவர்கள் போகிற இடம் அது. எங்கள் ஊரில் அங்கே போவது பெண்கள்தான். ஆம்பிளைகள் வெளியே மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தபடி மனைவிமாரைக் காத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி உள்ளே போனால் ஐந்து நிமிடம்.

18.02.2024
தங்கச்சி எழுதியிருக்கிறார், அம்மா ஒவ்வொரு நாளும் போடத் தொடங்கிவிட்டார் என்று. நல்லது. விடியத் தலைவாரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் குளிசை அட்டையை வைத்தது நல்ல யோசனை. நானும் அப்படி ஒன்று செய்கிறேன், பல் தீட்டுகிற பிரஷ்ஷுக்குப் பக்கத்தில்.

03.03.2024
உப்பு. ஆனையிறவைத் தாண்டினால்தான் வன்னி, அந்த உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உப்பைக் குறை என்றால் எங்களுக்குக் கோபம் வரும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சட்டிக்குள் போகிறதை யார் அளக்கிறார்கள்? நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். 400 கிராம் உப்புப் பைக்கற்றை உடைக்கிற அன்று அதன் மேலே திகதியை எழுதுவது. வீட்டில் நாலு பேர். ஐந்து கிராம் கணக்குப்படி ஒரு பைக்கற் இருபது நாள் வரவேண்டும். எங்களுடையது பதினொரு நாளில் முடிந்தது. அதாவது ஆளுக்கு ஒன்பது கிராம். பாண், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கடை மிக்சர் இதெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே.

மனைவி அந்தப் பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் பார்த்தார். "நான்தான் இவ்வளவும் போட்டேனா" என்று கேட்டார். போட்டது அவர், "உப்புக் காணாது" என்று ஒவ்வொரு நாளும் சொன்னது நான்.

04.03.2024
நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். மீன் கழுவவும், வாழைப்பூ ஊறவைக்கவும் போகிற உப்பு வயிற்றுக்குப் போவதில்லை. அதை வேறு பேணியில் எடுத்து வைத்த பிறகுதான் கணக்குச் சரியாக வரும். அப்படிப் பிரித்த பிறகு எங்கள் பைக்கற் பதின்மூன்று நாள் வந்தது. அப்போதும் ஆளுக்கு ஏழரைக்கு மேல்.

05.03.2024
இந்துப்பு பாவித்தால் பிரச்சினை இல்லையா என்று கேட்டவருக்கு: அதுவும் சோடியம்தான். கடல் உப்பு, கல்லுப்பு, இந்துப்பு எல்லாம் ஒன்று. அயடீன் சேர்த்த உப்பையே வாங்கி, குறைத்துப் போடுங்கள்.

10.03.2024
எப்படிக் குறைத்தோம் என்பதை எழுதச் சொன்னார்கள்.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். கிழமைக்குக் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. புட்டு மாவுக்கும் இடியப்ப மாவுக்கும் போடுகிற உப்பை முதலில் விட்டோம், சம்பலும் சொதியும் சேரும்போது ஒருவருக்கும் தெரியவில்லை. சொதிக்குத் தேசிக்காயைக் கடைசியில் கூடப் பிழிந்தால் உப்புக் குறைவு மறைந்துவிடும். மீன் குழம்புக்குப் புளியும் உள்ளியும் மிளகும் கூடுதலாகப் போட்டோம். சாப்பாட்டு மேசையில் இருந்த உப்புச் சிரட்டையை எடுத்துக் குசினிக்குள் வைத்தோம், எழும்பிப் போய் எடுக்க எனக்கே பஞ்சியாக இருந்தது. சூப் கட்டியை முழுதாக நிறுத்தினோம்.

கருவாடுதான் கடைசிவரை போராட்டம். தங்கச்சியின் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும், முற்றத்தில் காயப்போட்டிருக்கிற பொருளைச் சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? ஊறவைத்து, தண்ணீரை ஊற்றி, திரும்ப ஊறவைத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. கரையில் இருக்கிற ஆளுக்குப் பச்சை மீன் கிடைக்கிறதே. கருவாட்டை மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

12.03.2024
முறிகண்டியில் கச்சான் வாங்காமல் வரமுடியுமா என்று கேட்கிறார் ஒருவர். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். உப்புப் போடாமல் வறுத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

17.03.2024
"வெயிலில் நிற்கிறவனுக்கு வேர்வையோடு உப்புப் போகிறது, குறைத்தால் மயங்கி விழுவான்." இதை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வயல் வரம்பில் நிற்கிற எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. கிளினிக்கில் கேட்டேன். சோற்றிலும் கறியிலும் சாதாரணமாக இருக்கிற உப்பே போதும், குறைவாக இருப்பது தண்ணீர் என்றார்கள். உண்மைதான், நான் பத்து மணிவரை ஒரு தேத்தண்ணீரோடு நின்றவன்.

ஆனால் ஒரு விஷயம். சலத்தைக் கூட்டுகிற குளிசை போடுகிறவர்களுக்கு இந்த வெயிலில், குனிந்து நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வரலாம். வந்தால் நிழலில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, எழும்பி நின்றபடி அளந்தால் எவ்வளவு என்று பார்த்து, டொக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்றுவார். வீட்டில் நாமாக அரைக் குளிசை ஆக்கக்கூடாது.

18.03.2024
அரைக் குளிசை என்று எழுதியதும் 2022 நினைவுக்கு வந்துவிட்டது. மருந்துத் தட்டுப்பாடு. கிளினிக்கில் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள், வெளியே விலை மூன்று மடங்கு, சில கிழமை அதுவும் இல்லை. இருந்ததை நாள் கூட்டுவதற்காக அரை அரையாக உடைத்தேன். இரண்டு மாதத்தில் 170ஐத் தொட்டது. அப்போது கேட்டிருந்தால் கையிருப்பில் இருந்த வேறு ஒன்றுக்கு மாற்றி எழுதியிருப்பார்கள். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் இதே நிலைமைதானே, எதற்குத் தொந்தரவு கொடுப்பான் என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது யாராவது அப்படி இருந்தால், பேசாமல் வராதீர்கள்.

அந்த வருடத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் பெற்றோல் இல்லாதது. சைக்கிளை எடுத்தேன். இன்னும் விடவில்லை.

07.04.2024
நடை. "வயல் வேலை செய்கிறவனுக்கு எதற்கு நடை?" ஐயாவின் காலத்தில் இந்தக் கேள்வி சரி. இப்போது உழவுக்கு டிராக்டர், வெட்ட மெசின், வரம்புவரை மோட்டார் சைக்கிள். மருந்தடிக்கிற இரண்டு நாளை விட்டால் நான் நடந்தது வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையில்தான். எண்ணிப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

இப்போது விடிய ஐந்தரைக்கு வாய்க்கால் கரையால் அரை மணித்தியாலம் நடக்கிறேன், கிழமையில் ஐந்து நாள். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். 81 கிலோவாக இருந்தவன் ஒன்றரை வருடத்தில் 75. சோற்றை ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்துக்கு முருங்கை இலையோ பொன்னாங்காணியோ ஒரு கறி கூட்டினோம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

14.04.2024
கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது, பிரஷருக்கு நல்லது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று இரண்டு பேருக்குத் தனியாக எழுதியிருந்தேன். அதில் அவசரப்பட்டுவிட்டேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கினால் இதயத்துடிப்பே குழம்பும். லொசார்ட்டன், எனலப்பிரில் என்ற பிரஷர் குளிசைகள் போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் கூடலாம். சிறுநீரகம் நல்லாக இருக்கிறவர்கள் சாதாரண அளவில் கீரையும் பழமும் சாப்பிடப் பயம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நாளும் இளநீர் என்று தொடங்க முன்னம் இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள். பொட்டாசியம் கலந்து "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிறதற்கும் இதே எச்சரிக்கை. அந்த இருவரும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

30.05.2024
இந்த மாதம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தோம். தங்கச்சியின் அம்மாவையும் கோயிலடியில் கண்டேன், மகள் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினார். அம்மா என் கையைப் பிடித்து, "தம்பி, நீர் சொன்ன உப்புப் பைக்கற்றில் நானும் திகதி எழுதுறன்" என்றார். அம்மன் முன்னால் வைத்து அதைக் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாலைப்பழக் காலமும் தொடங்கிவிட்டது. வழியில் வாங்கி வாயெல்லாம் பால் ஒட்டச் சாப்பிட்டுக்கொண்டே வந்தோம்.

09.06.2024
கிளினிக் நாள். விடிய எழும்பி நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, டொக்டரைக் காண்பது சில நாளில் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் கொப்பி. ஒரு பக்கத்தில் வீட்டு அளவுகளின் சராசரி, கீழே கேள்விகள் இரண்டு. டொக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு கதைக்கிற விதமே வேறு. கிளினிக்கில் எனக்கு எப்போதும் 150 காட்டும், வீட்டில் 132. பயத்தில் ஏறுகிற ஆட்கள் இருக்கிறார்கள், நான் அந்த ரகம். கொப்பி இல்லாவிட்டால் எனக்கு இன்னொரு குளிசை கூட்டியிருப்பார்கள். மறுபக்கமும் உண்டு, கிளினிக்கில் நல்ல எண், வீட்டில் கூடுதல். அதையும் கொப்பிதான் பிடிக்கும்.

இன்னொன்று. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிற நாளில் பாதிப் பேர் பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு எண் ஏறி நிற்கும். வழக்கமாக அதைத் தண்ணீரோடு போடலாம், சாப்பிடும்வரை நிறுத்திவைப்பது சீனி வருத்த மருந்தைத்தான். உங்கள் கிளினிக்கில் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகம், ஈசிஜி. கண்ணின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அங்கே இரத்தக் குழாய் கண்முன்னே தெரியும்.

10.06.2024
சாராயம், கள்ளு, சுருட்டு பற்றிக் கேட்டவருக்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை. குடி பிரஷரை ஏற்றும், குறைத்தால் இறங்கும். சுருட்டும் வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் இரத்தக் குழாய்க்கு எதிரி. சுருட்டை நான் விட்டது ஐயா விழுந்த வருடம்.

21.07.2024
ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அளக்கிறேன், ஒவ்வொரு தரமும் வேறு வேறு என்று எழுதிய தம்பிக்கு: மெசினை அலுமாரிக்குள் வையுங்கள். பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்குவதுதான் இயல்பு. கிளினிக்குக்கு முந்திய ஒரு கிழமை மட்டும் அளங்கள். காணாமல் போன அண்ணனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நினைவில் நித்திரை வராத இரவுக்கு அடுத்த காலை எனக்கும் எண் கூடித்தான் நிற்கும். அதற்குக் குளிசை மட்டும் போதாது. யாரோடாவது கதையுங்கள், விரும்பினால் என்னோடு.

01.12.2024
கார்த்திகைக் கடைசி மழையில் எங்கள் பக்கம் வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்தார்கள். மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அங்கே எட்டுப் பேர் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் பையில் இருந்தது. எத்தனை தரம் இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள், அந்தப் பையை இருட்டிலும் எடுக்கத் தெரியும். இனி அந்தப் பையில் கிளினிக் கொப்பியும், இரண்டு கிழமைக்கான குளிசையும், ஈரம் படாமல் கட்டிவையுங்கள். குளிசையை மாதா மாதம் புதிதுக்கு மாற்றுங்கள்.

02.12.2024
முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. 180/120ஐத் தாண்டி, அதோடு நெஞ்சு நோ, மூச்சு முட்டு, பார்வை மங்கல் இருந்தாலும் அப்படித்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயில் ஏறும்வரை பார்த்திருக்க வேண்டாம். வெள்ளத்தில் வழி அடைபட்டிருந்தபோது ஐயாவை நினைத்துக்கொண்டு இரவு முழுக்க நித்திரையில்லை, அதனால் திரும்ப எழுதுகிறேன்.

05.01.2025
தங்கச்சி, அம்மாவின் கொப்பிப் படம் கிடைத்தது. ஆறு நாள் சராசரி 134/82. இரண்டு பேரும் சேர்ந்து நல்லாகச் செய்திருக்கிறீர்கள். எங்கள் உப்புப் பைக்கற் இப்போது பதினேழு நாள் வருகிறது, உங்களுடையது எத்தனை என்று எழுதவில்லையே.

கணுக்கால் வீக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்லோடிப்பின் என்ற பிரஷர் குளிசை போடுகிற சிலருக்கு அது வரும். வேறு காரணத்தாலும் வரலாம், அதை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, இரண்டு காலுமா, பின்னேரத்தில் கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று நாலையும் கொப்பியில் எழுதுங்கள். மூச்சு வாங்கினால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை குளிசையை விடாமல் போடச் சொல்லுங்கள். வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று அன்றைக்குக் கேட்கலாம். நம்பர் எடுக்க விடியவே போகவேண்டி வரும், முடிந்தால் முதல் நாள் இரவே நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.